கொள்ளைநோயும் கிரிவலமும்

பிளேக் நோய் பம்பாயில் தலைகாட்டிய ஆண்டு 1896. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பிய வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் வந்து இறங்கினான். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது அவரைத்தான். விழுப்புரம்–காட்பாடி ரயில்பாதை அப்போது புதிது. பையன் பார்த்த பழைய அட்லஸில் அந்தப் பாதையே இல்லாததால், திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு மீதித் தூரத்துக்குத் திண்டாட வேண்டியிருந்தது.

அந்த ரயிலில் நோயும் ஏறி வந்துவிடுமோ என்றுதான் அரசாங்கமும் பயந்தது. 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. நோய் கண்ட பகுதிகளிலிருந்து சென்னை மாகாணத்துக்கு வருகிறவர்களுக்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்று ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் அதிகாரியிடம் நாள் தவறாமல் முகம் காட்ட வேண்டும். கொரோனா ஊரடங்கில் இ-பாஸுக்காகக் கைப்பேசியைத் தடவிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1905 வாக்கில் பிளேக் திருவண்ணாமலைக்கும் வந்தது. ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். மலைமேல் விருபாட்ச குகையில் இருந்த ரமணரும் உடனிருந்தவர்களும் மலையின் வடகிழக்கு அடிவாரத்தில் உள்ள பச்சையம்மன் கோயிலுக்கு இடம்பெயர்ந்து ஏறக்குறைய ஆறு மாதம் தங்கினார்கள். அந்தப் பக்கம் அப்போது காடு. சிறுத்தை நடமாட்டம் இருந்ததாக ஆசிரம நூல்கள் சொல்கின்றன. எலி செத்து விழுந்தால் ஊரைவிட்டு வெட்டவெளிக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் அன்றைய மருத்துவமும் அனுபவமும் ஒத்துக்கொண்ட ஒரே வழி. ஆகவே அன்று கொள்ளைநோய் என்றால் ஊர் காலியாகும், வெட்டவெளி நிறையும்.

காலரா வேறு மாதிரி. அது தண்ணீரில் வருவது. கூட்டம் கூடும் இடமே அதற்குத் தோதான இடம். கார்த்திகை தீபத்துக்கு வருகிறவர்கள் சாமி கும்பிட மட்டும் வரவில்லை, தீபத்தை ஒட்டி நடக்கும் மாட்டுச் சந்தைக்கும் வந்தார்கள். ஆளும் மாடும் ஒரே குளத்தை நம்பிய காலம் அது. தமிழ்நாட்டில் பெரிய திருவிழா என்றால் காலரா ஊசியும் கூடவே வந்ததைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஊசிக்குப் பயந்தவர்கள் உண்டு. ஆனால் ஊசிக்குப் பயந்து திருவிழாக்கள் நின்றுபோகவில்லை.

கூட்டமே நின்றது கொரோனா வந்த 2020இல்தான். மார்ச்சில் கோயில் நடை பக்தர்களுக்குச் சாத்தப்பட்டது. மலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் நடக்கத் தடை என்று மாவட்ட நிர்வாகம் மாதாமாதம் அறிவித்தது. விசாக்கள் முடக்கப்பட்டு விமானங்களும் நின்றதால், டிசம்பர் முதல் மார்ச் வரை ரமணாசிரமத்தைச் சுற்றி வீடெடுத்துத் தங்கும் வெளிநாட்டவரில் பலர் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அந்த ஏப்ரலில் மலைக்குகை ஒன்றில் இருந்த சீன நாட்டவர் ஒருவரை அதிகாரிகள் கீழே அழைத்துவந்து பரிசோதனைக்கு அனுப்பினார்கள். 1905இல் மலையடிவாரத்துக்கு ஓடினால் பாதுகாப்பு. 2020இல் அதுவே தடைசெய்யப்பட்ட இடம்.

பெரிய கோயில்கள் மீண்டும் திறந்தது செப்டம்பர் 1 அன்று. தற்செயல்தான், ஆனால் ரமணர் இங்கே வந்து இறங்கிய அதே தேதி. அந்த ஆண்டு கார்த்திகை தீபம் நவம்பர் 29. 2,668 அடி உயர மலை உச்சியில் கொப்பரை ஏறியது, நெய்யும் காடாத் துணித் திரியும் ஏறின, மாலை ஆறு மணிக்கு, தீபம் ஏற்றும் மரபினரான பர்வத ராஜகுலத்தார் தீபம் ஏற்றினார்கள். தேரோட்டம் இல்லை, சாமி புறப்பாடு கோயில் மதிலுக்குள்ளேயே நடந்தது. வெளியூர்க்காரர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். உள்ளூர்க்காரர்கள் மொட்டை மாடியில் நின்று கும்பிட்டார்கள்.

அடுத்த ஆண்டு இன்னொரு விசித்திரம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கோயில்கள் பூட்டு என்று அரசு சொன்னதும், விடுமுறை பார்த்துக் கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் விடுப்புப் போட்டுத் திங்கள், செவ்வாய் கிளம்பின.  2021 தீபத்தின்போது கிரிவலம் பற்றிய வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், 20,000 பேருக்கு அனுமதி என்ற அளவில் முடிந்தது.

தொற்றுக்குப் பிறகு மக்கள் கூட்டத்தைத் தவிர்ப்பார்கள், ஆளரவமற்ற இடங்களைத் தேடுவார்கள் என்று உலகெங்கும் சுற்றுலா நிபுணர்கள் எழுதினார்கள். திருவண்ணாமலை அந்தக் கணிப்பைப் பொய்யாக்கியது. 2022 மார்ச்சில் தடை நீங்கியதும் பங்குனி, சித்திரைப் பௌர்ணமிகளில் பாதை நிரம்பி வழிந்தது. வருகிறவர்கள்தான் மாறிப்போனார்கள். ஊரடங்கில் வீட்டிலிருந்தபடி யூடியூபில் அருணாசலம் எனப்படும் இந்த மலையின் மகிமை கேட்ட ஆந்திர, தெலங்கானா குடும்பங்கள் பெருமளவில் கிளம்பி வந்தன. 2023 ஜூலையில் குரு பூர்ணிமாவுக்கு, ஹைதராபாத்திலிருந்து காணிப்பாக்கம், அருணாசலம், வேலூர் பொற்கோயில் என்று தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகமே சுற்றுலாப் பேருந்து விட்டது. இடுக்குப் பிள்ளையார் சந்நிதியில் உடலை ஒருக்களித்து நுழைந்து வெளியே வருகிறவர்களிடம் தமிழுக்குச் சமமாகத் தெலுங்கும் கேட்கிறது. சுக்குக் காபிக் கடைக்காரர் ‘ரண்டி, ரண்டி’ (வாங்க, வாங்க) என்கிறார்.

மாதக்கணக்கில் தங்கியவர்களை நம்பிய ஊர், ஒரே இரவில் சுற்றிவிட்டுப் போகிறவர்களின் ஊராகிவருகிறது. 2024 மே 2 முதல் சென்னை கடற்கரையிலிருந்து மாலையில் புறப்படும் ரயில் நள்ளிரவில் இங்கே வந்து, விடியற்காலை நான்கு மணிக்குத் திரும்புகிறது. ஒரு கிரிவலத்துக்கு நான்கு மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டதுபோல் நேரம் அமைந்திருக்கிறது. அறை வாடகை மிச்சம்தான். ஆனால் இத்தனை பேருக்கும் கழிப்பறையும் குடிநீரும் அதே வேகத்தில் பெருகியிருக்கின்றனவா என்று அன்றைய காலரா அதிகாரி கேட்டிருப்பார். இன்றைக்கும் கேட்க வேண்டிய கேள்விதான்.

பௌர்ணமியன்றுதான் சுற்ற வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் எந்த நாளிலும் சுற்றுகிறார்கள். முடிந்தவர்கள் ஒரு சாதாரண வார நாளில், தார்ச்சாலை சுடுவதற்கு முன், அதிகாலையில் வந்து நடந்து பாருங்கள்.