ஒரே கூரையும் ஒரே பந்தியும்

குருமடம் என்றதும் நம் நினைவில் எழுபவை இலத்தீன் இலக்கணமும் தத்துவ நூல்களும் மட்டுமல்ல. வரிசையாகக் கட்டில்கள் இட்ட நீண்ட படுக்கைக் கூடம், மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு அடங்கிய நாள்கள், இரவுச் செபத்திற்குப் பின் நிலவும் பேரமைதி, எல்லாரும் சேர்ந்தமரும் உணவறை ஆகியனவும் எழுகின்றன. படித்த பாடத்தை மறந்தவர் உண்டு. பக்கத்துக் கட்டிலில் படுத்தவரை மறந்தவர் அரிது. அத்தகைய கூட்டு வாழ்க்கை நம் கொங்கு மண்ணுக்கு எவ்வழியாக வந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

1563-ஆம் ஆண்டு திரெந்துப் பொதுச்சங்கம் குருமடங்களை நிறுவக் கட்டளையிட்டது. 12 வயதுக்குக் குறையாத சிறுவரைத் தேர்ந்து, ஓர் இல்லத்தில் தங்கவைத்துப் பயிற்ற வேண்டும் என்றது; ஏழைகளின் பிள்ளைகளுக்கே முன்னுரிமை தரவும் விரும்பியது. ஒரே கூரையின் கீழ் வாழ்வதே பயிற்சியின் முதற்பாடம் என்பது அதன் உட்பொருள்.

ஆனால், தமிழகத்தில் மறைப்பணி வேறு வழியில் நடந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, அங்கே ஏற்கெனவே பணியாற்றிய தம் சபைக் குருவின் இல்லத்தை விட்டு நீங்கித் தனி மனையில், தனிச் சமையலோடு, துறவியாக வாழ்ந்தார். பறங்கியர் என்ற இகழ்ச்சியைக் கடக்க அவர் கண்ட வழி அது. 1623-இல் சேந்தமங்கலம், சேலம் எனக் கொங்குப் பகுதிக்கும் அவர் வந்தார். பின்னர் 1640 முதல், எல்லாச் சாதியாரிடமும் செல்லத்தக்க பண்டார சுவாமிகள் என்போர் தோன்றினர். சன்னியாச குருவும் பண்டார சுவாமியும் ஒரே சபையின் சகோதரர். எனினும், ஊரறிய ஒரே இலைவரிசையில் அமர இயலவில்லை. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் மலபார் சடங்குகள் பற்றி ஆணையிட்டபோது, பறையர் மக்களுக்கெனத் தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார். சாதிப் பிரிவு குருக்களின் வாசற்படி வரை வந்துவிட்டது.

இது கத்தோலிக்கருக்கு மட்டும் நேர்ந்த சோதனையன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியபோது, அங்குத் தங்கிப் படித்த மாணவர் கிறிஸ்தவர் வளவில் சமைத்த சோற்றை உண்ண மறுத்தனர். ஆதலின் சமையற்கட்டைத் தொடக்கத்தில் வேலிக்கு அப்பால் வைக்க வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் ஆயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் அவர்களை நாம் காண வேண்டும். பாரீஸ் அந்நிய வேதபோதக சபையின் குருவாக 1842-இல் புதுச்சேரிக்கு வந்தார். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதை வற்புறுத்திய 1844-ஆம் ஆண்டுப் புதுச்சேரிச் சங்கத்திற்குப் பின் அங்குள்ள குருமடத்தின் தலைவரானார். 1845-இல் கோவைப் பகுதி அவர் பொறுப்பில் விடப்பட்டது. 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இன்று செபமாலை அன்னையின் பசிலிக்கா நிற்கும் அவ்வூரையே தம் இருப்பிடமாக்கி, அங்கேயே குருமடமும் அமைத்தார். மறைப்பணியாளரின் தலையாய கடமை இம்மண்ணின் குருக்களை வளர்த்து, பொறுப்பை அவர்கள் கையில் ஒப்படைப்பதே என்பது அவர் உறுதி.

ஆயினும், மலபார் சடங்குகளைப் பற்றிய கேள்வி அவரை விடவில்லை. பொறுத்துக்கொள்ளத்தக்க நாட்டு வழக்கம் எது, விலக்கப்பட்டது எது என்பதில் குருக்களிடையே ஒருமனம் இல்லை. தெளிவான தீர்ப்பை உரோமையிடம் வேண்டினார். மனச்சான்றுக்கு அமைதி தரும் விடை கிடைக்கவில்லை. 1855-இல் அவரது பதவி விலகல் ஏற்கப்பட்டது. மறு ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் பிரான்சின் இலியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை நிறுவினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் கரையிறங்கியவர், ஆறு வாரங்களில், ஜூன் 25 அன்று மஞ்சள் காய்ச்சலால் மாண்டார். உடனிருந்து பணியாற்றியோரும் அக்கொள்ளை நோய்க்கு இரையாயினர். 2020-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. கோவைக்கு உபகாரசாமி ஆண்டகை இந்திய ஆயராக வாய்த்ததோ 1940-இல். தெ பிரெசியாக் விலகி 85 ஆண்டுகள் கழித்து!

அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு உண்பதை விட்டு விலகியபோது, பவுல் அவரை நேருக்கு நேர் எதிர்த்தார். திருச்சபையின் தொடக்க காலப் பிணக்குகளுள் ஒன்று பந்தியைப் பற்றியதே. 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட வேண்டியிருந்தது என்றால், அப்பிணக்கு இன்னும் தீரவில்லை என்றே பொருள்.

இன்று குருமடங்கள் பலவற்றில் படுக்கைக் கூடங்கள் தனி அறைகளாகிவிட்டன. படிப்பிற்கும் தனிச்செபத்திற்கும் அது நன்மையே. ஆனால், பக்கத்துக் கட்டிலில் இருமுகிறவனுக்கு நள்ளிரவில் வெந்நீர் கொண்டுவரும்போது அவன் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேளாதிருக்கும் பாடத்தை எந்த வகுப்பறையில் நடத்துவோம்? அறைகள் பெருகட்டும், பந்தி மட்டும் ஒன்றாகவே இருக்கட்டும்.