பி.எம்.ஐ. கணக்கைப் போட்டவர் டாக்டர் இல்லை



போன மாதம் என் தங்கை மகன் தன் உடல் பரிசோதனை ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். வயது 41. உயரம் 168 செ.மீ., எடை 62 கிலோ. பி.எம்.ஐ. 22 என்று போட்டு, பக்கத்திலேயே 'நார்மல்' என்றும் இருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால், சர்க்கரை நோய். "மாமா, நான் ஒல்லியாத்தானே இருக்கேன்? எடை சரியா இருக்குன்னு அவங்களே போட்டிருக்காங்களே?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் இந்த எண்ணின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கணக்கு என்னவோ எளிதுதான். உயரத்தை மீட்டரில் எழுதி அதை அதனாலேயே பெருக்க வேண்டும். வருகிற விடையால் எடையை வகுக்க வேண்டும். 1.68 பெருக்கல் 1.68 என்றால் 2.82. 62-ஐ அதால் வகுத்தால் 22. (தசமப்புள்ளியை இடம் மாற்றி வைத்து என்னிடம் திட்டு வாங்கியவர்கள் மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும்!)

இந்தக் கணக்கைப் போட்டவர் அடால்ஃப் கெட்லே. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் கென்ட் நகரில் 1796இல் பிறந்தவர். 19 வயதிலேயே கணக்கு வாத்தியார் ஆனவர், அந்த வகையில் நம்ம ஆள். பிறகு வானியல் பக்கம் போய் பிரஸ்ஸல்ஸ் வானாய்வகத்தை உருவாக்கினார். ஒரு நட்சத்திரத்தின் இடத்தைப் பத்து முறை அளந்தால் பத்து விடை வரும், அவற்றின் சராசரியை எடுத்துக்கொள்வது வானியலாளர் வழக்கம். கெட்லே அதே முறையில் மனிதர்களையும் அளந்தார். உயரம், எடை, திருமண வயது, குற்றங்கள், ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் மார்பளவு என்று எதையும் விடவில்லை. 1835இல் வந்த அவருடைய நூலின் நாயகன் 'சராசரி மனிதன்'.

கனசதுரத்தின் பக்கத்தை இரட்டித்தால் கனஅளவு எட்டு மடங்காகும் என்று கரும்பலகையில் உங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். மனிதன் அப்படி வளர்வதில்லை. உயரமானவர் அதே விகிதத்தில் அகலமாகவும் தடிமனாகவும் இருப்பதில்லை. அதனால் வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் கனத்தை ஒட்டிப் போகாமல் வர்க்கத்தை ஒட்டியே போகிறது என்று கெட்லே கண்டார். அவ்வளவுதான் அவர் சொன்னது. யாருக்கு நோய் வரும், யார் எடையைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சே அதில் இல்லை.

அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேல் எடையைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் அமெரிக்க ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள். பாலிசி எடுத்தவர் சீக்கிரம் இறந்தால் நஷ்டம் அவர்களுக்குத்தானே! உயரத்துக்கு இவ்வளவு எடை என்று அட்டவணை போட்டார்கள். அந்த அட்டவணைகளில் குறை கண்ட ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், 1972இல் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400 பேருக்கு மேல் அளந்து பார்த்து, கெட்லேயின் பழைய கணக்கே தேவலை என்றார். 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்ற பெயரும் அவர் வைத்ததுதான். அந்த ஐந்து நாடுகளில் இந்தியா இல்லை. அளக்கப்பட்டவர்களில் ஒரு பெண்கூட இல்லை.

எல்லைக்கோடும் நிலையானதாக இல்லை. அமெரிக்காவில் ஆண்களுக்கு 27.8 வரை சரி என்றிருந்ததை 1998இல் 25 ஆக்கினார்கள். முதல் நாள் வரை சரியான எடையில் இருந்த இரண்டு கோடிப் பேருக்கு மேல், ஒரு கிலோகூடக் கூடாமலே, அதிக எடைக்காரர் ஆனார்கள். 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசியர்களுக்கு 23 தொடங்கியே கவனம் தேவை என்றது.

தங்கை மகனுக்கான பதில் அதே 2004இல் வந்த ஒரு படத்தில் இருந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் சேர்ந்து நின்று எடுத்துக்கொண்ட படத்தை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! தராசு கொழுப்பையும் தசையையும் பிரித்துச் சொல்லாது. நம்மவர்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதிலும் வயிற்றுக்குள் சேரும் கொழுப்புதான் சர்க்கரைக்கு வழி செய்கிறது. அதனால் இடுப்புச் சுற்றளவையும் பார்க்கச் சொல்கிறார்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டு, தையல்காரர் டேப்பை எடுத்துத் தொப்புளை ஒட்டி அளந்து பார் என்றேன். வயிற்றை எக்கிக்கொள்ளாமல் அளக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "94 மாமா" என்றான்.