இல்லத்தில் வெடிமருந்து: சட்டம் வகுத்த அளவின் வரலாறு



ஒருவன் தன் பொருளைத் தன் இல்லத்தில் வைத்துக்கொள்ளுதல் அவனுக்குரிய சுதந்தரமாம். நெல்லாயினும் நூலாயினும், இத்துணைதான் வைக்கலாகும் எனப் பிறர் வந்து கட்டளையிடுவதை எவரும் விரும்பார். எனினும் சில பொருள்கள், வைத்தவனோடு நில்லாது சுவருக்கு அப்பால் உறங்குவானையும் பற்றும் இயல்பின. அவற்றுள் தலையாயது வெடிமருந்து. இதனை வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்பதை மேல்நாட்டார் எங்ஙனம் வரையறுத்தனர் என்னும் வரலாறு, உரிமைக்கும் கடமைக்கும் எல்லை யாது என்பதை நமக்கு நன்கு விளக்கும். ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

முதற்கண் அப்பொருளின் தன்மையை அறிதல் வேண்டும். பழைய கருமருந்தில் வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்பது பொதுவான கணக்கு. விறகில் பற்றிய தீ காற்றில்லையேல் அவிந்துபோம். வெடிமருந்தோ எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை வெடியுப்பினுள்ளேயே கொண்டது. ஆகவே அதனை மூடி அணைத்தல் இயலாது. மூடினால் அதன் சீற்றம் மிகுமேயன்றிக் குறையாது.

இவ்வுண்மையை மக்கள் பெருவிலை கொடுத்தே கற்றனர். 1650ஆம் ஆண்டு ஜனவரியில், இலண்டன் மாநகரின் கோட்டைக்கருகே, கப்பற் சாமான் விற்கும் ஒரு வணிகனது வீட்டில் இருந்த 27 பீப்பாய் மருந்து வெடித்துத் தெருவில் இருந்த வீடுகளைத் தகர்த்தது. 1654 அக்டோபர் 12இல் ஹாலந்து தேசத்து டெல்ப்ட் நகரிலே, ஊர் நடுவில் பழைய கன்னிமாடம் ஒன்றில் சேமித்திருந்த ஏறக்குறைய 30 டன் மருந்து வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சிறந்த ஓவியரான காரெல் பாப்ரிட்டியுசும் அவர்களுள் ஒருவர். மாண்டோருள் மருந்தோடு ஒரு தொடர்பும் இல்லாதவர் பலர். அதன்பின் அந்நகரத்தார் ஊர்ப்புறத்தே 1660இல் புதிய மருந்துக் கிடங்கொன்றைக் கட்டிக்கொண்டனர்.

பொதுக் கிடங்கை ஊருக்கு வெளியே அனுப்புதல் எளிது. வேட்டைக்கும் காவலுக்கும் தனி மனிதர் தத்தம் வீட்டில் வைத்திருக்கும் மருந்தை யாது செய்வது? அதற்கு விடையாக எழுந்ததே அளவுச் சட்டம். 1772இல் இங்கிலாந்து பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தின்படி வெடிமருந்து வியாபாரி 200 ராத்தலும், வியாபாரியல்லாதான் 50 ராத்தலுமே வைத்திருக்கலாம்.

இனி அமெரிக்காவின் செய்தி இதனினும் வியப்புடையது. 1774 செப்டம்பர் முதல் நாள், பாஸ்டன் நகருக்கருகே இருந்த மருந்துக் கிடங்கிலிருந்த மருந்தை ஆங்கிலப் படையினர் எடுத்துச் சென்றனர். அச்செய்தி கேட்டு ஆயிரக்கணக்கான குடிமக்கள் ஆயுதமேந்தி எழுந்தனர். மறு ஆண்டே போர் மூண்டது. மருந்தைப் பறித்ததற்காகச் சினந்தெழுந்த அம்மக்கள், வெற்றி கண்டபின் செய்தது யாது? 1783இல் மாசாசுசெட்ஸ் சட்டசபை, பாஸ்டன் நகரத்து வீடுகளிலும் கடைகளிலும் மருந்து அடைத்த துப்பாக்கி முதலியவற்றை வைத்தல் கூடாதெனச் சட்டம் செய்தது. மீறினார்க்குப் பத்துப் பவுன் அபராதம். அதற்கு அச்சட்டம் கூறிய காரணமே கருதத்தக்கது: ஒரு வீடு தீப்பற்றுங்கால் அதனை அணைக்க ஓடிவருவோரது உயிருக்கு அவை அபாயம் விளைக்கும் என்பதாம். 1784இல் நியூயார்க்கு நகரத்துக்கான சட்டமோ வீட்டில் 28 ராத்தலே வைக்கலாமென்றும், அதனையும் ஏழு ராத்தலுக்கு மேற்படாத நான்கு கற்சாடிகளிலோ தகரக் குப்பிகளிலோ பிரித்தே வைக்கவேண்டுமென்றும் விதித்தது.

ஆள்வோன் குடிகளை அடக்குதற்பொருட்டு மருந்தைப் பறிப்பது ஒன்று. ஊரார் தம்முள் ஒருவரையொருவர் காத்தற்பொருட்டு அளவு வகுத்துக்கொள்வது வேறொன்று. முன்னதை எதிர்த்துப் போர் செய்தவர்களே பின்னதை மனமுவந்து ஏற்றனர். இவ்வேற்றுமையை உணராதார் எல்லாச் சட்டத்தையும் அடிமைத்தளையென்றே எண்ணி மயங்குவர்.

இங்கிலாந்தில் 1874 அக்டோபர் 2ஆம் நாள் விடியற்காலை, இலண்டனின் ரீஜண்ட் பூங்காவையொட்டிய கால்வாயில் சென்ற சரக்குப் படகொன்று, ஐந்து டன் மருந்தோடு பாலத்தின்கீழ் வெடித்தது. படகிலிருந்தோர் மாண்டனர், பாலமும் தகர்ந்தது. அடுத்த ஆண்டே, மஜெண்டி என்னும் இராணுவ அதிகாரியின் முயற்சியால் 1875ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி விற்பனைக்கன்றித் தன் சொந்த உபயோகத்துக்காக ஒருவன் 30 ராத்தல் வரையில் உரிமப் பத்திரமின்றியே வைத்துக்கொள்ளலாம்.

முப்பது ராத்தல் சிறிதோ பெரிதோ எனக் கேட்பீர்கள். அக்காலத்தில் பித்தளைத் தோட்டாக்கள் வழக்கத்துக்கு வந்திருந்தன. சுட்டபின் வெறுங்கூட்டை எறியாது, பழைய கேப்பை நீக்கிப் புதியது பொருத்தி, அளந்த மருந்தும் ஈயக்குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் குறிபார்த்துச் சுடும் விளையாட்டினரிடையே பரவிற்று. 1873இல் அமெரிக்கப் படை ஏற்ற துப்பாக்கித் தோட்டா ஒன்றுக்கு மருந்து 70 கிரெயின். ஒரு ராத்தலுக்கு 7,000 கிரெயின். எனவே ராத்தலுக்கு நூறு தோட்டா. முப்பது ராத்தலோ மூவாயிரம் தோட்டாவுக்குப் போதும். ஆகவே சட்டம் அளவு வகுத்ததேயன்றி அவ்விளையாட்டினரின் கையைக் கட்டிவிடவில்லை.

1884இல் பிரான்சு தேசத்து பால் வியேய் என்பார் புகையில்லா மருந்தைக் கண்டபின் விதியும் மாறிற்று. இம்மருந்து வெளியில் சிறிதளவாகக் கிடப்பின் விரைந்து எரியும். இறுக அடைபட்டாலோ வெடிக்கும். ஆதலின் இதனை இரும்புப் பெட்டியிற் பூட்டுவோன் பாதுகாப்பதாக எண்ணிக் குண்டு செய்தவனாவான். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495ஆம் விதித்தொகை, வீட்டில் 20 ராத்தல் வரையில் வாங்கிய கலத்திலேயே வைக்கவும், அதற்குமேல் 50 ராத்தல் வரையிலும் ஓரங்குலக் கனமுள்ள மரப்பெட்டியில் வைக்கவும் கூறுகின்றது. அழுத்தம் மிகுமுன் மரம் விட்டுக்கொடுக்கும் என்பதே கருத்து. கருமருந்துக்கோ அந்நாட்டு 1970ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் ஐந்து ராத்தல் வரையிலுமே விலக்களித்தது. பழங்காலத் துப்பாக்கிகளைக் கொண்டு விளையாடுவோர் குறைகூறவே, 1975 ஜனவரியில் அவர்கள் பொருட்டு அஃது 50 ராத்தலாக உயர்த்தப்பட்டது. அளவுகள் கல்லெழுத்தல்ல, அனுபவமும் நியாயமும் கண்டு மாற்றத்தக்கனவே.

நம் தேசத்திலும் 1884ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டமும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் உண்டு. துப்பாக்கி உரிமம் பெற்ற அன்பர்கள், பிறநாட்டு அளவைக் கேட்டுத் தாமும் அங்ஙனமே செய்யலாமென்று கருதுதல் பெரும்பிழை. இந்நாட்டு விதியையும் தம் உரிமப் பத்திரத்தில் எழுதியுள்ளதையும் படித்தறிந்து, ஐயமுற்றால் அதிகாரிகளை வினவித் தெளிதல் வேண்டும்.

சகோதரர்களே! நம்மில் துப்பாக்கி உடையார் சிலரே. ஆயினும் தீபாவளிப் பட்டாசு முதல் மண்ணெண்ணெய்த் தகரம் ஈறாக, அண்டை வீட்டானைத் தொடும் பொருள் எவர் இல்லத்தும் உண்டு. அவற்றை அளவோடு வைப்போமாக. நம் வீடு தீப்பற்றுங்கால் குடத்தோடு முதலில் ஓடிவருவான் அவனேயன்றோ? அவன் உயிரோடு தன் வீடு திரும்பவேண்டும் என்பதற்காக எழுதப்பட்டதே அவ்வளவு.