ஆமைக்குத் துணை வேண்டுமா? ஒரு லயன் வீட்டிலிருந்து

இரத்தினபுரி மாவட்டத்தில் ஒரு றப்பர் தோட்டத்தில் என் பெரியம்மா இருக்கிறார். 1977 ஆகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு அம்மாவின் குடும்பம் அந்தத் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனபோது, கல்யாணமாகியிருந்த பெரியம்மா மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அண்மையில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். லயன் வாசலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசின். அதற்குள் உள்ளங்கையில் அடங்கும் ஆமைக்குட்டி ஒன்று ஓயாமல் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"மாமா, இது ராத்திரியும் இப்புடித்தான் சொரண்டுது. தனியா இருக்க பயமா இருக்கும் போல. இன்னொண்ணு வாங்கித் தாங்களேன்" என்றான் தங்கச்சி மகன். வயது ஒன்பது. அவன் அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறை வருவார். ஆமை அவர் வாங்கிக் கொடுத்தது.

பெரியம்மாவுக்கு வேறு கவலை. "ஆம புகுந்த வீடு வெளங்குமா? ஆத்துல விட்டுருங்கன்னு சொன்னா யாரு கேக்குறா."

இன்னொன்று வாங்குவதா, ஆற்றில் விடுவதா? இரண்டுமே அந்த ஆமைக்கு நல்லதல்ல என்பது எனக்கும் பிறகுதான் தெரிந்தது. படித்தும், கால்நடை வைத்தியர் ஒருவரிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் அது என்ன ஆமை என்று பார்க்க வேண்டும். பச்சை ஓடும் கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையும் இருந்தால் அது சிவப்புக் காது ஆமை. கடைக்காரர்கள் 'ரெட் இயர்ட் ஸ்லைடர்' என்பார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தைச் சேர்ந்த இந்த இனம் அலங்கார மீன் கடைகள் வழியாக உலகமெங்கும் பரவியிருக்கிறது. எங்கள் நாட்டின் நன்னீர், தரை ஆமைகள் மூன்றுதான். ஓடைகளிலும் வயல்களிலும் தண்ணீர் நிறைந்த மாணிக்கக் குழிகளிலும் இருக்கும் கறுப்பு ஆமை ஒன்று. சிங்களத்தில் கல் இப்பா. வன்னிக் குளங்களில் நாங்கள் பார்த்து வளர்ந்த பாலாமை இன்னொன்று; அது கிரி இப்பா. மூன்றாவது, வறண்ட பகுதிகளில் வாழும் நட்சத்திர ஆமை.

இந்த மூன்றையும் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் விற்பதும் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். மழைக்குப் பிறகு தோட்டத்து ரோட்டில் கறுப்பு ஆமை கடந்து போனால் பிள்ளைகள் எடுத்துவந்து வாளியில் போடுவது வழக்கம்தான். கிணறு சுத்தமாக இருக்கும் என்று பாலாமையைக் கிணற்றில் விடும் பழக்கமும் உண்டு. வெயில் காயக் கரையேற வழியில்லாத இடம் கிணறு, அதோடு அது குடிக்கிற தண்ணீர். இரண்டும் வேண்டாம். ரோட்டில் கண்டால் அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே மறுபக்கம் கொண்டுபோய் விடுங்கள். காயம்பட்டிருந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைப்பது என்றால் என்னவென்று நம்மவர்களுக்குத் தெரியும். ஓர் ஆமைக்காக அந்த நிலைமையை யாரும் தேடிக்கொள்ள வேண்டாம்.

பேசினில் இருந்தது சிவப்புக் காது ஆமை. ஆகவே துணை பற்றிய கேள்விக்கு வரலாம்.

இந்த ஆமைகள் முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் தாயைப் பார்ப்பதில்லை. தாய் முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும். ஒரே மரக்கட்டையில் பல ஆமைகள் ஒன்றின் மேலொன்றாக ஏறி வெயில் காயும் படங்களைப் பார்த்து, கூட்டமாக வாழும் பிராணி என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கே அவை பங்குபோடுவது வெயில் படும் இடத்தை மட்டும்தான். சிறிய தொட்டியில் இரண்டைப் போட்டால் பெரியது முந்திச் சாப்பிடும், மற்றதை வெயில் கல்லிலிருந்து தள்ளிவிடும், வாலையும் காலையும் கடிக்கும். ஒன்று மற்றதன் முகத்துக்கு முன்னால் நகங்களைப் படபடவென்று அசைப்பதைப் பார்த்தால் விளையாட்டுப் போலத் தெரியும். அது இணை சேர அழைப்பது, அல்லது மிரட்டுவது. ஆண் ஆமை பெட்டையை விடாமல் துரத்தினால் பெட்டை சாப்பாட்டையே விட்டுவிடும். கடையிலிருந்து வரும் புதிய குட்டி நோயையும் கொண்டுவரக்கூடும். ஆகவே துணை தேவையில்லை. ஒன்றாக இருப்பது ஆமைக்குத் தண்டனை அல்ல.

அப்படியென்றால் ஏன் சுரண்டுகிறது? தங்கச்சி மகனோடு உட்கார்ந்து பார்த்தபோது விடை பேசினிலேயே இருந்தது. கரை இல்லை. ஏறி உடம்பைக் காயவைக்க ஒரு கல்கூட இல்லை. இடமும் போதாது. ஓட்டின் நீளம் ஒவ்வொரு 2.5 சென்ரிமீற்றருக்கும் சுமார் 40 லீற்றர் தண்ணீர் வேண்டும் என்பது வளர்ப்பவர்களின் கணக்கு. அந்தப் பேசினில் பத்து லீற்றர் பிடித்தால் அதிகம்.

வெயில்தான் முதல் மருந்து. நேரடி வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால்தான் ஆமையின் உடம்பில் வைட்டமின் டி உருவாகும். அது இல்லாவிட்டால் தின்னும் சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேராது, ஓடு மெதுவாகி வளையும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் பயன்படாது, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தண்ணீர் குறைந்த பேசினை உச்சிவெயிலில் வைத்துவிட்டுப் பால் வெட்டப் போவதும் ஆபத்து, தண்ணீர் கொதித்து ஆமை செத்துவிடும். காலை வெயில், பாதிக்கு மேல் நிழல், ஏறுவதற்குச் சாய்வாக ஒரு கல், இவ்வளவும் ஒன்றாக இருக்க வேண்டும். தண்ணீரின் ஆழம் ஓட்டின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். கவிழ்ந்தால் அது திரும்பி எழ அந்த ஆழம் வேண்டும்.

சூடு ஒரு பிரச்சினையல்ல. 24 முதல் 28 பாகை தண்ணீர் போதும், இரத்தினபுரித் தாழ்பகுதியில் அது சும்மாவே கிடைக்கும். பிரச்சினை மழை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும் ஊர் இது. வாரக்கணக்கில் வெயில் தெரியாத காலத்தில் மழைவிட்ட ஒவ்வொரு இடைவெளியிலும் வெளியே வைக்க ஆள் வேண்டும். மேட்டுத் தோட்டங்களில் குளிரும் சேரும்.

சாப்பாட்டில் பெரும்பாலும் பிழை விடுகிறோம். சோறு, பாண், உப்புக் கருவாடு எதுவும் ஆகாது. கடையில் விற்கும் காய்ந்த கூனி இறால் மட்டும் கொடுத்து வளர்த்தால் சத்துக் குறைந்துபோகும். குட்டிக்கு மண்புழு, முள்ளோடு சிறு மீன், கடைகளில் கிடைக்கும் ஆமைத் தீனி. வளர வளரக் கங்குங் போன்ற கீரைகளைக் கூட்ட வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓட்டில் ஒரு துண்டைத் தண்ணீரில் மிதக்கவிடலாம். வடக்குக் கடற்கரையில் காலில் மிதிபடும் சாமான் அது. அடுத்த முறை போகும்போது ஒரு பை நிறையக் கொண்டுபோனேன்.

கண் வீங்கி மூடியிருந்தால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். ஒருபக்கம் சாய்ந்து மிதந்தாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ நுரையீரலில் தொற்று. கைமருத்துவம் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம். அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். கேகாலைப் பக்கத்தவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை போதனா வைத்தியசாலையும் எட்டக்கூடிய தூரம்.

மனிதர்கள் பக்கமும் ஒன்று. ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையின் தோலிலும் கழிவிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இதனால் நோய் வருகிறது என்றுதான் அமெரிக்கா 1975 இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடைசெய்தது. ஒரே பீலியில் பாத்திரமும் கழுவி, குளித்து, குடிக்கவும் பிடிக்கிற லயன்களில் இது சின்ன விடயமல்ல. பேசினைப் பீலியில் கழுவக்கூடாது. அழுக்குத் தண்ணீரைத் தூரத்தில் வாழைக்கு ஊற்றலாம். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தொடவே வேண்டாம்.

பெரியம்மா சொன்ன ஆற்று யோசனை எனக்கு முதலில் நியாயமாகத்தான் பட்டது. 2009 இன் தொடக்கத்தில் வன்னியில் மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டுத்தான் நாங்கள் நகர்ந்தோம். கட்டிப்போட்டுச் சாகவிடாமல் அவிழ்த்துவிடுவதுதான் அன்று இரக்கம். இந்த ஆமையின் கதை அப்படியல்ல. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சிவப்புக் காது ஆமையும் இருக்கிறது. களு கங்கையிலோ மாணிக்கக் குழியிலோ விட்டால், எங்கள் கறுப்பு ஆமையின் தீனியையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். குழியில்தானே விடுகிறோம் என்றும் சொல்ல முடியாது. 2003 மே மாதமும் 2017 மே மாதமும் வந்த வெள்ளங்களில் குழி எது ஆறு எது என்று யாருக்குத் தெரிந்தது? வளர்க்க முடியாவிட்டால் சுவர் கட்டிய தொட்டி உள்ள ஒருவரிடம் கொடுங்கள், கடைக்காரரிடம் திருப்பி எடுப்பாரா என்று கேளுங்கள்.

வாங்கும்போது மூன்று சென்ரிமீற்றர் குட்டி. பெட்டை 30 சென்ரிமீற்றர் வரை வளரும். 20 முதல் 40 வருடம் வாழும். எந்தக் கடையிலும் இதை எழுதி ஒட்டியிருப்பதை நான் பார்த்ததில்லை. தங்கச்சியிடம் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள், பிறகு மகனின் வயதைக் கூட்டிப் பார்த்தாள்.

இப்போது பேசின் போய்விட்டது. உடைந்து கிடந்த சீமெந்துத் தண்ணீர்த் தொட்டியைப் பூசி, ஒரு மூலையில் கருங்கல்லைச் சாய்த்து, மேலே கம்பிவலை போட்டிருக்கிறார்கள். சுரண்டல் நின்றுவிட்டதாம். மகன் மாதாமாதம் ஓட்டை அடிமட்டத்தால் அளந்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறான். பெட்டையாக இருந்தால் ஆண் துணை இல்லாமலே சில வருடங்களில் முட்டையிடும். தோண்டிப் புதைக்க மண் கிடைக்காவிட்டால் முட்டை வயிற்றில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகும். லயனுக்குப் பின்னால் அதற்கு ஓர் இடத்தைத் தங்கச்சி பார்த்து வைத்திருக்கிறாள். அந்தத் துண்டு நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், அதில் வேலி போடத் துரையிடம் கேட்க வேண்டும்.