அரக்கு முதல் அரால்டைட் வரை: ஒரு கைப்பிடியின் கதை

அரக்கு மாளிகைக் கதை தெரியாதவர்கள் இருக்க முடியாது. அரக்கு சூடு பட்டால் இளகும், எரியும். அந்த இளகும் குணத்தைத்தான் நம் நாட்டுக் கொல்லர்கள் வாளுக்குக் கைப்பிடி போடப் பயன்படுத்தினார்கள்.

அரிவாளுக்கு அரக்கு தேவைப்படவில்லை. திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே இருக்கும் கீழ்வேளூர் போன்ற ஊர்களில், இயந்திரம் வருவதற்கு முன் நெல் அறுத்த கருக்கரிவாளின் பிடி வெறும் மரம். இரும்பின் வால் பகுதியைக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கி, வாயில் ஒரு பூண் போட்டால் முடிந்தது. பிடி ஆடினால் அடுத்த பிடி, அவ்வளவுதான்.

வாள் அப்படியல்ல. தல்வார் வகை வாள்களின் இரும்புப் பிடி உள்ளே கூடாக இருக்கும். அரக்கோடு செங்கல் பொடி போன்ற ஒன்றைச் சேர்த்து உருக்கி அதற்குள் நிரப்பி, வாலைச் சூடாக்கிச் சொருகி, ஆறும்வரை கோணாமல் பிடித்திருக்க வேண்டும். பொடி எதற்கு? வெறும் அரக்கு கண்ணாடி போல நொறுங்கிவிடும்! அலகு உடைந்தால் பிடியைத் தணலில் காட்டி உருவிவிட்டு வேறு அலகு மாட்டலாம். கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பிய அலகுகள்கூட இப்படித்தான் இந்தியப் பிடிகளில் ஏறின. அந்த வாள்களுக்கு ஃபிரங்கி என்று பெயர், நம் 'பரங்கி'தான்.

டெல்டாவிலும் பெரிய ஆயுதக் கொட்டில் ஒன்று இருந்தது, தஞ்சை அரண்மனையில். 1855-ல் மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் ராஜ்ஜியம் கம்பெனியிடம் போனது. ஆயுதங்களில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டதை வால்ஹவுஸ் என்பவர் 1878-ல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் பதிவு செய்தார். வேலைப்பாடு மிக்கவை மட்டும் சென்னை அருங்காட்சியகத்துக்குத் தப்பின. பிரித்துச் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாக ஓட்டக்கூடிய பொருள்கள் எடைக்குப் போனதுதான் கொடுமை.

அரக்குக்கும் போட்டி வந்தது. அது ஒரு சிறு பூச்சி சுரப்பது. வேண்டும்போதெல்லாம் கூடுதலாகக் கிடைக்காது. மின்கம்பி உறைக்கும், பிறகு கிராமபோன் தட்டுக்கும் (கே.பி.சுந்தராம்பாள் பாடியதும் அரக்குத் தட்டில்தான்) அதைக் கேட்டார்கள். மாற்றுத் தேடிய பேக்லண்ட் 1907-ல் பேக்கலைட்டைக் கண்டுபிடித்தார். கத்திப் பிடி, குக்கர் பிடி எல்லாம் அதிலிருந்து வந்தன. 1946-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அரால்டைட் என்ற எபாக்சிப் பசையை வெளியிட்டது.

இன்று கையால் கத்தி செய்பவர்கள் நிறம் கலந்த எபாக்சியை அச்சில் வார்த்துப் பிடி செதுக்குகிறார்கள். அதற்கும் பக்குவம் உண்டு. கலவையே சூட்டைக் கிளப்பும் என்பதால் ஒரேயடியாகத் தடிமனாக ஊற்றினால் வெடிக்கும். உள்ளே வைக்கும் மரத்தில் ஈரம் இருந்தால் குமிழி கிளம்பும். நன்றாக இறுகியது தண்ணீருக்கும் வெயிலில் கிடக்கும் சூட்டுக்கும் அசையாது, இதில் அரக்கு தோற்றுத்தான் போகிறது. ஆனால் இறுகிய எபாக்சி மறுபடி உருகாது. பிடி விரிந்தால் சுரண்டியோ உடைத்தோதான் எடுக்க வேண்டும்; அதிகச் சூடு காட்டினாலோ அலகின் பதம் போய்விடும்.