அடைதல் (கோழி)

பொழுது சாயும்போது கோழிகள் உயரமான இடத்தில் ஏறி இரவைக் கழிப்பது. மரத்தில் தங்கும் செங்காட்டுக்கோழியிடமிருந்து வந்த பழக்கம் இது. சேலம், நாமக்கல் சமவெளியின் தோட்டத்து வீடுகளில் நாட்டுக்கோழி வேம்பிலோ முருங்கையிலோ மாட்டுக்கொட்டகை விட்டத்திலோ அடையும்.

குஞ்சு முதல் சில வாரங்கள் தாயின் இறக்கைக்குள் தரையிலேயே படுக்கும். இரவில் பஞ்சாரக் கூடை போட்டு மூடுவார்கள். இறகு முளைக்கும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் செங்கல், கவிழ்த்த கூடை, தாயின் முதுகு என்று கிடைத்ததில் ஏறிப் பார்க்கும். பாதி ஏறி வழுக்கி விழுந்து, மறுபடி ஏறும். இரவிலும் கம்பில் தங்கப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். கால் மடங்கி உட்கார்ந்ததும் தசைநார் இழுபட்டு விரல்கள் கம்பைப் பற்றிக்கொள்ள உதவும்.

இளமையிலேயே கம்பு பழகாதவை வளர்ந்தபின் உயரம் ஏறத் தடுமாறுவதை ஸ்வீடன் ஆய்வுகள் காட்டின. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு விதி, கூண்டில்லா மாற்றுமுறைப் பண்ணைகளில் ஒரு கோழிக்கு 15 செ.மீ. கம்பிடம் கேட்கிறது. நாமக்கல் முட்டைப் பண்ணைகளின் கம்பிக் கூண்டில் அடைய இடமே இல்லை. கோழி சரிந்த கம்பித்தளத்தில்தான் தூங்குகிறது.

புறக்கடையில் வளர்ப்போர் ஒரு முழ உயரத்துக்குள், விளிம்பு மழுங்கிய கம்பைக் குஞ்சுகளுக்கு மூன்றாம் வாரமே கட்டிவிடலாம்.