மணத்திற்கு முன் ஒரு நிபந்தனை

தாய்மை ஒருபுறம், தொழில் மறுபுறம், இரண்டிற்கும் நடுவே 'நான் யார்?' என்னும் வினா. இம்மூன்றையும் சுமந்து நடக்கும் பெண்ணுக்கு உலகம் கூறும் அறிவுரை மிகச் சுருக்கமானது: எப்படியாவது சமாளித்துக்கொள் என்பதே அது. சமாளிப்பது அவள் ஒருத்தியின் சாமர்த்தியம் என்றே நாமும் எண்ணிப் பழகிவிட்டோம். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மை என்பதை அறிய, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்வைச் சற்றே ஊன்றிப் பார்ப்பது நலம்.

1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். தந்தை நாராயணசாமி கல்விப் பணியில் இருந்தவர். தாய் சந்திரம்மாளோ தேவதாசி மரபு வழங்கிவந்த குலத்தில் தோன்றியவர். பெண்பிள்ளை கல்லூரிக்கு வருவதா என்று எதிர்ப்பு எழுந்தபோது, புதுக்கோட்டை மன்னரின் ஆதரவால் மன்னர் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார்.

மகள் மருத்துவராகிவிட்டாள். ஆயினும் பெற்ற வயிற்றின் கவலை வேறு. அவளுக்கு ஒரு மணவாழ்வு அமைய வேண்டுமே என்று தாய் ஏங்கினார். மகளின் அச்சமும் அதே அளவு நியாயமானது. அரும்பாடுபட்டுப் பெற்ற கல்வியும் கடமையும் மணமேடையோடு முடிந்துவிடுமோ என்பதே அந்த அச்சம். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்க இசைந்தபோது அவர் ஒரு நிபந்தனை விதித்தார்: தம்மைச் சமமானவராக மதிக்க வேண்டும்; தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது. மணமகன் அதை ஏற்றுக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியை நாம் எளிதில் கடந்துவிடக் கூடாது. அக்காலத்தில் நிபந்தனை விதிப்பது மாப்பிள்ளை வீட்டாரின் உரிமையாக இருந்தது. இங்கோ ஒரு பெண் தன் வாழ்வின் வடிவத்தை முன்கூட்டியே பேசித் தெளிந்துகொள்கிறாள். திருமணம் இருவர் கூடிச் செய்யும் உடன்படிக்கை என்று நாம் கூறுகிறோம்; அச்சொல்லின் முழுப் பொருளையும் இங்கே காண்கிறோம்.

ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு புதல்வர்கள் பிறந்தனர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிகிச்சை அளிக்கும் மருத்துவராக அவர் பெயர் பெற்றிருந்தார். 1925இல், இரு சிறுவர்களுக்குத் தாயாக இருந்த நிலையில், மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நல்ல வருவாயும் நற்பெயரும் தந்த மருத்துவத் தொழிலை அதற்காக விட்டுக்கொடுக்க நேர்ந்தது. எல்லாவற்றையும் ஒருசேரக் கையில் வைத்திருந்தார் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. ஒன்றைப் பற்ற மற்றொன்றை விட்டார். எதை விடுவது என்பதைத் தாமே முடிவு செய்தார்.

அம்மன்றத்தில் அவர் எழுப்பிய குரல், அவருடைய பிறப்போடு பிணைந்த ஒன்று. பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் பாடுபட்டார். 1929இல் நிறைவேறிய சட்டம், அப்பெண்கள் அனுபவித்துவந்த மானிய நிலங்களைச் சேவைக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. சேவையை விட்டால் நிலமும் போய்விடும் என்ற தளை அதனால் அறுந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை முற்றாகத் தடைசெய்யும் சட்டம் 1947இல்தான் வந்தது. தம் தாயின் குலத்தை மறைத்து, மருத்துவர் என்ற பெயரில் மட்டும் அவர் வாழ்ந்திருக்கலாம். ஆனால் அந்தக் குலத்துப் பெண்களின் துயரையே தம் பொதுவாழ்வின் வேலையாக்கிக்கொண்டார்.

காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930இல் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். அதே காலத்தில், ஆதரவற்று வந்த சிறுமியரைத் தம் இல்லத்திலேயே ஏற்றுக்கொண்டார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. தாய்மை தம் இரு மக்களோடு நின்றுவிடவில்லை. வீட்டுக் கதவைத் திறந்துவைத்த தாய்மையாக அது விரிந்தது.

1923இல் அவர் தங்கை புற்றுநோயால் இறந்தார். அத்துயரம் அவருள்ளே முப்பதாண்டுகள் கனன்றுகொண்டிருந்தது. 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர் அவருடைய இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைகள் என்னாவார்களோ என்று அஞ்சுவோர் உண்டு. இங்கே ஒரு மகன் தாயின் கனவையே தன் வாழ்நாள் பணியாக ஏற்றுக்கொண்டதைக் காண்கிறோம்.

படித்த தந்தை, மன்னரின் ஆதரவு, மருத்துவரான கணவர் ஆகிய பேறுகள் எல்லாப் பெண்களுக்கும் கிட்டுவதில்லை என்பது மெய்தான். விடியலில் சமைத்து, பேருந்தில் நின்றபடி வேலைக்குச் சென்று, மாலையில் மீண்டும் அடுப்படிக்குத் திரும்பும் பெண்ணிடம் போய், முத்துலட்சுமியைப் பார் என்று சொல்வது கொடுமை. அவரது வாழ்வு அவளுக்குக் கற்பிக்கும் பாடத்தைவிட, அவளைச் சுற்றியுள்ள நமக்குக் கற்பிக்கும் பாடமே பெரிது. அவர் தந்தை வாய்ப்பளித்தார், கணவர் வாக்களித்தார், மகன் தோள்கொடுத்தார். சமநிலை என்று நாம் வியப்பது, ஒரு பெண்ணின் ஆற்றலோடு பிறர் காத்த வாக்குறுதிகளும் சேர்ந்ததே.

நம் இல்லங்களில் பெண் பேசப் போகிறோம். எத்தனை பவுன், என்ன சம்பளம் என்று கேட்கிறோம். மணமான பின்னும் அவள் படிக்க விரும்பினால் என்ன செய்வோம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடுப்பு எடுப்பவர் யார், அவள் ஈட்டும் பணம் யார் கையில் இருக்கும் என்பவற்றை யாரும் பேசுவதில்லை. 1914இல் ஒரு பெண் தானே வாய் திறந்து கேட்டாள். இன்று நம் மகளுக்காக அவற்றை நாம் கேட்கலாமே. நம் மகனிடமும், அவன் மாலை சூடும் முன்பே, கேட்டுவிடலாமே.